கெட்: பெறு

என் மனைவி கயல் இட்டிருந்த சிவப்புச் சரிக்குறியை நான் மூன்றாம் முறையாகப் பார்த்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது. உணவு மேசையில் பதினோரு பயிற்சித் தாள்கள் கிடந்தன. இர்விங் நகரில் எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள நூலகத்தில், சனிக்கிழமைதோறும் ஸ்பானிய மொழி பேசுவோருக்கு அவள் ஊதியமின்றி ஆங்கிலம் கற்பிக்கிறாள். சென்ற வாரப் பாடம் ‘கெட்’ என்னும் வினைச்சொல். அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதுக என்பது இறுதி வினா. மற்றவர்கள் வேலை கிடைத்தது என்றும், சளி பிடித்தது என்றும், வீடு போய்ச் சேர்ந்தோம் என்றும் எழுதியிருந்தார்கள். ரமீரோ என்பவன் மட்டும், ‘டீச்சர், நௌ ஐ கெட் யூ’ என்று எழுதியிருந்தான்.

நான் கோபிச்செட்டிபாளையத்தில் தமிழ்வழியில் பயின்றவன். கெட், காட், காட்: பெறு. வினைச்சொற்களின் அந்த அட்டவணையை மனப்பாடம் செய்தே ஆங்கிலத்தை வென்றேன். இன்று லாஸ் கொலினாஸ் அலுவலகத்தில் என் மின்னஞ்சல்களில் எவராலும் பிழை காண இயலாது. ஆகவே அவ்வாக்கியத்தின் பொருளில் எனக்கு ஐயமே எழவில்லை. இப்பொழுது உங்களைப் பெற்றேன். அதற்குத்தான் என் மனைவி சரி போட்டிருக்கிறாள்.

ரமீரோவை எனக்குத் தெரியும். ஏசி பழுது பார்ப்பவன், நாற்பது வயதிருக்கும். வகுப்பு முடிந்து அவளை அழைத்துவரச் செல்லும்போதெல்லாம் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்பான். ‘ப்ரோஃபே’ என்பான், ஆசிரியை என்று பொருளாம். அவள் சிரிப்பாள். அச்சிரிப்பு காருக்குள் ஏறியதில்லை. சீட் பெல்ட்டை மாட்டியதும் நாங்கள் பால் வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவோம். தன் மாணவர்களுக்காக அவள் ஸ்பானிய மொழியும் கற்றுவந்தாள். ‘கெட்’ என்ற ஒரு சொல்லுக்கு அவர்கள் வழங்கும் பல சொற்களைப் பட்டியலிட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருந்தாள். முதல் வரி, பெறுதல். அதற்குக் கீழே நான் படித்ததில்லை.

ஈரத் தலையைத் துவட்டியபடி அவள் வந்தாள். தாளை நீட்டினேன்.

“இது என்ன?”

“ரமீரோ பேப்பரு. ஏனுங்க?”

“உன்னைப் பெற்றேன்னு எழுதியிருக்கான். நீ டிக் போட்டிருக்கே.”

ஒரு கணம் விழித்தாள். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பெத்தேன்னா? அவரென்னங்க, எங்கம்மாவா?”

நான் சிரிக்கவில்லை. ‘எழுதியிருக்கான்’ என்று நான் சொன்னவனை அவள் ‘அவர்’ என்றதைக் கவனித்தேன்.

“அய்யோ, இங்க ‘கெட்’னா புரியறதுங்க. இப்பத்தான் உங்களைப் புரியுதுன்னு எழுதியிருக்கார்.”

“பாடம் புரிஞ்சுதுன்னா?”

“பாடமில்லீங்க. என்னைய.”

வரத் தொடங்கிய நிம்மதி பாதி வழியில் நின்றது. “உன்கிட்ட என்ன புரிஞ்சுதாம் அவனுக்கு?”

அவள் துண்டை நான்காக மடித்தாள். “‘கெட் யூஸ்ட் டு’ நடத்துனேன். உதாரணம் சொல்லோணுமல்ல? இந்த ஊரு அமைதி எனக்கு இன்னும் பழகலைன்னு சொன்னேன். இங்க வந்த ஏழு வருஷமா பகல்ல பேச ஆளில்லைன்னு. சும்மா உதாரணத்துக்குத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் பேச்சு வரலை. எல்லாரும் கம்முனு இருந்தாங்க. அவர்தான் எந்திரிச்சுப் போய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தார்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே நீ.”

“சொன்னேனுங்க, ரெண்டு வாட்டி. ‘டிவி பாரு’ன்னீங்க.”

அவள் குரலில் கோபமில்லை. அதுவே என்னைச் சுட்டது. பெற்றிருந்தாலாவது திருப்பிக் கேட்கலாம். புரிந்துகொண்டதை எவ்வாறு திருப்பிக் கேட்பது? மணமாகிப் பதினைந்து ஆண்டுகளாக என் வீட்டில் இருந்த ஒன்றை, ஒரு கோப்பைத் தண்ணீரோடு இன்னொருவன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அவனுக்கு என் மனைவியே மதிப்பெண்ணும் இட்டிருக்கிறாள்.

அன்றும் சனிக்கிழமை; வழக்கம்போல் அவளை நூலக வாசலில் இறக்கிவிட்டு நான் திரும்பவில்லை. காரை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே நடந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். ரமீரோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் உள்ளே சென்ற பின்னும் அவன் கையை எடுக்கவில்லை.

“கெட் இன், சார்,” என்றான், பாடத்தை ஒப்பிக்கும் மாணவனின் பெருமிதத்தோடு.

கடைசி வரிசையில் அமர்ந்தேன். தாள்கள் கைமாறி வந்தன. எனக்கும் ஒன்று வந்தது. என்னிடம் பேனா இல்லை. எனக்கு முன்வரிசையிலிருந்த ரமீரோ திரும்பித் தன்னிடமிருந்த இரண்டில் ஒன்றை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

‘ஐ’ என்று எழுதினேன். ‘கெட்’ என்று எழுதினேன். அடுத்த சொல்லுக்கு முன் பேனாவின் முனை தாளிலேயே நின்றுவிட, மை சிறு புள்ளியாகப் பரவத் தொடங்கியது. சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடி, ஒவ்வொரு தாளாகக் குனிந்து பார்த்துக்கொண்டு, கயல் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தாள்.