ஞானசம்பந்தனின் வயிற்றில் ஒலித்த கிட்டார்

1994 ஐப்பசியில், திருநெல்வேலி டவுனில் ஒரு துஷ்டி வீட்டில், ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தர் ஞானசம்பந்தனின் வயிற்றிலிருந்து பேஸ் கிட்டார் ஒலித்தது. பசியில் வயிறு இரைவது போல அல்ல. தடித்த கம்பியைக் கட்டைவிரலால் அடித்து, மெல்லிய கம்பியை ஆள்காட்டி விரலால் சுண்டிவிடும் ஒலி, தாளம் தப்பாமல் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் முறை என்பதால் எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது. இறந்தவரின் மருமகன் நெல்லையப்பனுக்குக் கால் லேசாக ஆட ஆரம்பித்தது. அவர் அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதும் அங்கே முறைதான் என்பது அன்று ஞானசம்பந்தனுக்கு வசதியாகப் போயிற்று. அந்த வாரம் வெங்காயம் விலை ஏறியிருந்ததால் ஊர் இதை ரொம்ப நாள் பேசவில்லை.

அதே நேரத்தில் ஞானசம்பந்தனின் வீட்டு மச்சில் அவருடைய மகன் குமரகுருபரன் கிட்டாரும் கையுமாக இருந்தான். பி.எஸ்சி. முடித்தும் வேலை கிடைக்காமல், அம்பாசமுத்திரத்தில் அசன் முகம்மது அண்ணாச்சி நடத்திய மெல்லிசைக் குழுவில் சேர்ந்திருந்தான். துபாயில் இருந்த அண்ணாச்சியின் மச்சினன், ஃபங்க் என்னும் துள்ளல் இசைக்கான பாடத்தாள்களை ஊருக்கு வரும்போது கொண்டுவந்திருந்தான். கோயில் கொடை விழாக்களில் வாசிக்கும் ஆட்டப் பாட்டுகளுக்கு அடியில் அதை ஓடவிட்டால் கூட்டம் உட்காராது என்பது அண்ணாச்சியின் நம்பிக்கை. சுரம் தெரியாதவனுக்கென்றே எழுதிய தாள்கள் அவை. நாலு கோடு, கோட்டின் மேல் எண்கள். கோடு எந்தக் கம்பி என்று சொல்லும். எண் எந்தக் கட்டத்தில் விரல் வைப்பது என்று சொல்லும். கிட்டாரை மடியில் வைத்தால் தடித்த கம்பிதானே மேலே இருக்கிறது? ஆகவே மேல்கோடுதான் தடித்த கம்பி என்று குமரகுருபரன் எடுத்துக்கொண்டான். ஸ்பீக்கர் குழுவினுடையது, வீட்டுக்குத் தரமாட்டார்கள். வெறும் கிட்டாரைத் தட்டினால் பாதி ஒலிகூட அவன் காதுக்கு எட்டாது. மீதி எங்கே போகிறது என்று அவன் யோசித்ததே இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா வடிவம்மாள் மச்சுக்கு ஏறி வந்தாள். "ஒங்க அப்பாவுக்கு வாயு புடிச்சிருக்குலே. துஷ்டி வீட்டுல மானம் போச்சுன்னு சொவத்தப் பாத்துப் படுத்திருக்காவ. இனிமே பருப்பே வைக்கப்போறதில்ல" என்றாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் விரல் சும்மா ஒரு கம்பியைத் தட்டியது. கீழே அப்பா படுத்திருந்த பட்டாசலில் 'தும்' என்று கேட்டது. குமரகுருபரனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சொல்லிவிட்டால் கிட்டாரைத் தூக்கிப் போட வேண்டும். சொல்லாவிட்டால் அப்பாவின் மானம் போய்க்கொண்டே இருக்கும். உலகத்தில் அவனுக்கென்று இருந்தது அந்தக் கிட்டார் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டான்.

அதன்பிறகு அப்பா ஆற்றுக்குப் போகும் நேரமாகப் பார்த்து வாசித்தான். கழுத்தளவு தண்ணீரில் நிற்பவரின் வயிறு யாருக்குக் கேட்கப்போகிறது? குறுக்குத்துறைப் படிகளில் துணி துவைத்தவர்களுக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. கெண்டை மீன்கள் அவரைச் சுற்றி வட்டமடித்தன. ஒருநாள் ஆற்றுக்கென்று கிளம்பியவர் டாக்டரிடம் போய்விட்டார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, தலையாட்டி, இன்னும் கொஞ்ச நேரம் கேட்டு, வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைதோறும் தெருப் பிள்ளையார் கோயிலில் தேவாரம் பாடும்போது முன்வரிசையில் உட்காருபவர் ஞானசம்பந்தன். ஒரு வெள்ளிக்கிழமை குமரகுருபரனுக்குக் கை அடங்கவில்லை; பதிகத்தின் நடுவில் அவர் வயிறு குறுக்கே பேசிவிட்டது. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, தொண்டை சரியில்லை என்று அவராகவே விலகிக்கொண்டார். அதைக் கேள்விப்பட்ட மகனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடி வாசித்தான்.

தை மாதம் ஒத்திகையில் முதல்முறையாக ஸ்பீக்கரில் சொருகி வாசித்தபோது அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார். "என்ன தம்பி இது, மாடு அத்துக்கிட்டு ஓடுத மாதிரி இருக்கு? கீழ்க்கோடுல்லா தடிச்ச கம்பி!" என்றார். குமரகுருபரனுக்குத் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இத்தனை மாதமும் அப்பாவைச் சந்தி சிரிக்க வைத்தது போதாதென்று, தப்பான பாட்டை வைத்தல்லவா சிரிக்க வைத்திருக்கிறான்! கீழிருந்து மேலாக எல்லாவற்றையும் புதிதாகப் படித்தான். ஸ்பீக்கரில் வாசித்தால் ஒலி ஸ்பீக்கரோடு நின்றுவிடுகிறது என்பதையும் தெரிந்துகொண்டான். அதனால் மேடையில் மட்டும் அவனால் கூசாமல் வாசிக்க முடிந்தது.

சித்திரையில் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அம்மன் கோயில் கொடை. பொழுது சாயும் நேரம், கூட்டம் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். எல்லாம் நின்ற பிறகும் பழக்கதோஷத்தில் குமரகுருபரனின் விரல்கள் மட்டும் ஓடின. கூட்டத்தின் கடைசியில், ஐஸ் வண்டிக்குப் பக்கத்திலிருந்து, அந்த ஒலி கணீரென்று கேட்டது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறி வந்த ஞானசம்பந்தன், தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

குமரகுருபரன் கம்பிகளை அமுக்கிவிட்டான். ஒளிந்து நின்று மகன் வாசிப்பதைக் கேட்க வந்த மனுசனை இத்தனை பேர் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏம்லே நிறுத்திட்ட?" என்றார் ஞானசம்பந்தன்.

"எப்பா, நாந்தான்..."

"தெரியும்லே. என் வயித்துல யாரு கை ஆடுதுன்னு எனக்குத் தெரியாதா? முன்ன வாசிச்சது வயித்தப் பெரட்டிச்சு. இப்பம் நல்லாத்தான் இருக்கு. வாசி."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஜனம் வழிவிட்டது, யாரோ மேடையடியில் ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டார்கள். அவர் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு, முழங்காலில் கை வைத்து, தேவாரத்துக்கு உட்காருவதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். குமரகுருபரன் அவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல், அழுதபடியே வாசித்தான். கூட்டம் மறுபடியும் ஆடியது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. அசன் முகம்மது அண்ணாச்சி கிட்டார் ஒயரைக் கையில் எடுத்தார், ஞானசம்பந்தனைப் பார்த்தார், அதைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தார்.