டில்மன் வீட்டு ரிவால்வர்

வெர்னா டில்மன் அதைச் சமையல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் துப்பாக்கிப் பட்டறை மேசைமேல் வைத்தார். அவர் கணவர் ஆர்லோவின் தாத்தா டெக்சாஸிலிருந்து மாடு ஓட்டிக்கொண்டு மொன்டானாவுக்கு வந்தபோது இடுப்பில் இருந்த ரிவால்வர்.

"மியூசியத்துல கண்ணாடிப் பெட்டி ஒண்ணு காலியா இருக்காம். பழைய பூச்சு போகாம இருந்தாத்தான் எடுத்துப்பாங்களாம். நீ பாத்து ஒரு கடிதாசி குடு, மெர்ல். ஆர்லோவும் போயாச்சு, பண்ணையையும் வித்தாச்சு. டில்மன்னு ஒரு பேரு இந்த ஊர்ல வேற எங்க இருக்கப்போவுது?"

குழலை விளக்கடியில் பிடித்தேன். அப்படியொரு பளபளப்பு. எழுத்துகளின் ஓரம் மழுங்கி, திருகாணித் துளைகள் குழிந்து கிடந்தன. பழைய பூச்சையும் நூறு வருஷத் தவிட்டு நிறத்தையும் எவனோ மெருகுச் சக்கரத்தில் கொடுத்து வழித்துவிட்டான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழைய பொருள்மேல் பாசம் வந்துவிட்டால் போதும், தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"எந்தப் புண்ணியவான் பாத்த வேலை இது?"

"யாருக்குத் தெரியும்? ஆர்லோதான் டவுன்ல யார்கிட்டயோ குடுத்தாரு. பெரிய நிபுணன் நீதானே, கண்டுபிடி" என்று சிரித்தார்.

பாகங்களில் பொறித்த எண்களை ஒப்பிடக் கைப்பிடி மரத்தைக் கழற்றினேன். எண்கள் சரியாகத்தான் இருந்தன. மரத்தின் உட்புறத்தில் இரண்டு எழுத்தும் ஒரு வருஷமும் ஊசியால் கீறியிருந்தது. வேலை செய்தவன் தன் பெயரின் முதலெழுத்துகளை அங்கே கீறிவைப்பது எங்கள் தொழில் வழக்கம். எம். டி., 1971.

மெர்ல் டக்கெட். நான்தான்.

இருபத்திரண்டு வயசு. கடை திறந்து நாலு நாள்கூட ஆகவில்லை. சக்கரத்தின் இரைச்சல், எண்ணெய் வாசனை, வாசலில் நின்ற ஆர்லோவின் லாரி. என் முதல் வாடிக்கையாளர் அவர்தான். அந்தக் காலையில் எனக்கு இருந்த சந்தோஷம் அப்புறம் எப்போதும் வரவில்லை.

"மன்னிச்சிடுங்க வெர்னா. கெடுத்தது நான்தான். இதை அவங்க எடுக்க மாட்டாங்க."

அவர் முகம் வாடிப்போயிற்று.

"நீ எழுதினா நம்புவாங்கல்ல?"

"நம்புவாங்க. ஆனா பொய் எழுத மாட்டேன்."

"வேணாம், எழுதாதே." துப்பாக்கியைத் திரும்பச் சுற்றினார். "அப்போ அந்தப் பையன் நீதானா! ஆர்லோ இதைக் கொண்டாந்து காட்டிட்டு, 'பொன்னான கை, வெர்னா'ன்னாரு. சாகற வரைக்கும் வீட்டுக்கு வர்றவங்க கிட்டயெல்லாம் அதையேதான் சொன்னாரு."

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் செய்த படுமோசமான வேலையைத்தான் ஒரு மனிதர் நாற்பது வருஷம் மெச்சிக்கொண்டிருந்திருக்கிறார்.