சாவு அடி

எங்கள் சந்தை இடிக்கவிடாமல் ஸ்டே ஆர்டர் வாங்க பிரிஜெட் அக்கா காலையிலேயே கோர்ட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது தன் பறையை என்னிடம் கொடுத்தாள்.

"நான் வர்றதுக்குள்ள ஜேசிபி வந்துச்சுன்னா கூட்ட அடிய அடி, இளவேனில். மொத்த சந்தும் வெளிய வந்துரும்."

"நாலு பேரு எதிர்ல எனக்குக் கையே எழும்பாதுக்கா."

"கண்ண மூடிக்கினு அடி."

அக்காவுக்குத் தெரு பெருக்குகிற வேலை. ஞாயிறுகளில் ரயில் பாதை ஓரம் எங்கள் ஐந்து பேருக்குப் பறை சொல்லிக்கொடுப்பாள். அடிகளை நான் நோட்டில் எழுதி அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். யார் முன்னாலும் வாசித்ததில்லை.

பத்தரைக்கு ஜேசிபி சந்துக்குள் திரும்பியது. முன்னால் பைக்கில் சுனில், இடத்தை வாங்கிவிட்டதாகச் சொல்கிறவன். முதல் வீடு எங்களுடையது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

கேஸ் அடுப்பில் பறைத் தோலைக் காய்ச்சினேன். சூடேறாமல் சத்தம் எழாது. அதற்குள் ஜேசிபி நெருங்கிச் சுவர் அதிர்ந்தது. வாசலுக்கு ஓடிக் கண்ணை மூடினேன். கூட்ட அடி மறந்துபோயிருந்தது. இந்தச் சந்தில் சின்ன வயதிலிருந்து கேட்டதைத்தான் கை அடித்தது. சாவு அடி.

கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். நைட் டூட்டி முடித்துத் தூங்கியவர்கள் லுங்கியோடு வந்தார்கள். பூக்கட்டும் ரத்தினம்மாள் மாலையோடு ஓடிவந்தாள்.

"யாருடி பூட்டாங்க? காலைல எல்லாரும் நல்லாத்தானே இருந்தாங்க!"

ஜேசிபி டிரைவர் எஞ்சினை அணைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

"கிருஷ்ணப்பா, வண்டிய எடு!" என்று சுனில் கத்தினான்.

"சாவு வூடு சார். பொணத்தத் தாண்டி ஓட்டமாட்டேன்."

"பொணம் எங்க? காட்டச் சொல்லு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் சாகவில்லை என்று தெரிந்தால் சந்துக்காரர்கள் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடிப்பதை நிறுத்தாமல் ஜேசிபியைப் பார்த்தேன், பிறகு எங்கள் சுவரை.

ரத்தினம்மாளும் பார்த்தாள். மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் நீட்டிப் படுத்தாள்.

"நான்தாம்பா பொணம். தூக்கறவன் வா."

பக்கத்து வீட்டுக் கோதண்டராமன் லுங்கியை இறுக்கினார். "தள்ளிப் படு ரத்தினம். எனக்கும் எடம் வேணும்."

ஒவ்வொருவராகப் படுத்தார்கள். சந்து அடைத்துக்கொண்டது. கிருஷ்ணப்பா சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு டீக்கடைப் பக்கம் நடந்தார். சுனில் போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

பிரிஜெட் அக்கா இன்னும் வரவில்லை. ஆனால் என் கை வேறு அடிக்கு மாறியிருந்தது. கூட்ட அடி.

"வேகமா அடிடி," என்றாள் ரத்தினம்மாள் படுத்தபடியே. "தூக்கம் வருது."