வண்டி நின்ற ஊர்

கழிப்பறை வண்டியை வாடகைக்கு விடும் கம்பெனி தொடங்கப் போவதாக அண்ணி சொன்ன அன்று, வீட்டில் அவள் கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உலகத்துல வேற தொழிலே கிடைக்கலையா உனக்கு?" என்றான். அவனுடைய தங்கை மட்டும் சிரிக்கவில்லை. பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறவள், ஊர் வாயில் வெல்டிங்காரி.

"உள்ளே எத்தனை அடி அகலம் வேணும் அண்ணி?" என்று கேட்டாள். கம்பெனி அந்தக் கேள்வியில் பிறந்துவிட்டது.

அண்ணி கட்டட வேலைச் சித்தாள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். காலையில் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால், மறுபடி தொண்டை நனைவது வேலை முடிந்து வீடு வந்த பிறகு. கூட வேலை செய்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான். ஆண்களுக்கு ஒரு சுவர் போதும். பெண்கள் ஒதுங்க இடம் இல்லை, அதனால் குடிப்பதில்லை. கணக்கு அவ்வளவுதான். கடைசியில் மருத்துவர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்துச் சிறுநீரகத்தில் கல் என்று காட்டியபோது, "தலையில சுமந்தது போதாதுன்னு உள்ளேயும் கட்டடம் கட்டுறேனாக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள். அழுது முடித்ததும் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

வண்டி நன்றாக அமைந்தது. இரண்டு சக்கரம், தகர அறை, மேலே தண்ணீர்த் தொட்டி, அடியில் கழிவுத் தொட்டி, கை கழுவக் குழாய். தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும். வெளியே பூட்டுப் போட ஒரு வளையம்கூட வைக்கக் கூடாது என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

முதல் போட ஒருவர் முன்வந்தார். கண்ணாடி போட்ட, மரியாதையான மனுஷர். கண்ணாடிக்காரர் என்றே இருவரும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். உள்ளே போய்த் தாழ்ப்பாள்கூடப் போட்டுப் பார்த்தார்.

"தலைநகரத்துல ஆரம்பிங்க. புதுக் கம்பெனிக்கு அதைவிட நல்ல ஊர் கிடையாது. அங்க கிரேன் மறைச்சு வானமே தெரியல. அங்கன்னா நான் முதல் போடத் தயார். வேற ஊருன்னா யோசிக்கணும்."

"பாத்துட்டுச் சொல்றோங்க," என்றாள் அண்ணி.

"நான்தான் பாத்துட்டேனே."

"நீங்க பாத்தீங்க. நாங்க ஒரு நாள் வேலை செஞ்சு பாக்கணும்."

சித்தாள் கூட்டத்தில் அது பழக்கம். புது இடத்தில் மொத்த வேலைக்கு ஒத்துக்கொள்ளும் முன் ஒரு நாள் இறங்கி வேலை செய்து பார்ப்பார்கள். மேஸ்திரி எப்படிப் பேசுகிறான், நிழல் எங்கே இருக்கிறது, கூலி கைக்கு வருகிறதா, எல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரைச் சொல்லிவிட வேண்டும் என்று தவணை வைத்தார்.

முதலில் தலைநகரம். கண்ணாடிக்காரர் சொன்னது பொய்யில்லை, அண்ணாந்து பார்த்துக் கழுத்துதான் வலித்தது. வண்டியைக் கட்டடத்தின் அடியில் நிறுத்திவிட்டு அண்ணி சும்மாடு கட்டிக்கொண்டு மேலே போனாள். பெண்கள் இருந்ததெல்லாம் இருபது மாடிக்கு மேலே. சாமான் தூக்கும் லிஃப்டில் செங்கலும் சிமெண்டும்தான் ஏறி இறங்கலாம், ஆள் ஏறக் கூடாது. வண்டியைப் பற்றிச் சொன்னதும் ஒருத்தி கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அந்தத் தீப்பெட்டியா அண்ணி? அழகாத்தான் இருக்கு. இறங்கிப் போய்ட்டு ஏறி வர்றதுக்குள்ள மறுபடி இறங்கணும் போல வந்துருமே!"

சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். அன்று முழுக்க ஒருத்தியும் கீழே வரவில்லை.

"வண்டிக்கு இறக்கை வச்சுத் தரவா அண்ணி?" என்றாள் வெல்டிங்காரி.

"உன் வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் வை முதல்ல."

அடுத்தது துறைமுக ஊர். அங்கே கட்டடம் உயரமில்லை, பெண்களும் கீழேயே இருந்தார்கள். காண்ட்ராக்டர் ஓடி வந்து வரவேற்றார். அண்ணிக்கு மனசு குளிர்ந்தது. உச்சிவேளையில் போய்ப் பார்த்தால், வண்டியைச் சுற்றிச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்! இடத்துக்காரர் பார்வையிட வருகிறாராம், அவர் போகும்வரை சுத்தமாக இருக்கட்டுமாம். அண்ணி சித்தாள் பெண்களிடம் போய், "கேளுங்கடி, உங்களுக்குத்தான் கொண்டாந்தோம்" என்றாள். ஒருத்தி தலையைக் குனிந்தபடி மண்ணை அள்ளினாள்.

"நாங்க இன்னைக்கு மட்டுந்தான் இங்க. நாளைக்கு ஏஜெண்டு எங்க ஏத்தி விடுவானோ. பக்கத்துல நிக்கிறவ பேருகூடத் தெரியாது எனக்கு. யாருன்னு சேர்ந்து கேக்குறது?"

வெள்ளிக்கிழமை ஆலை ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். பார்க்க ஒன்றுமில்லாத ஊர். ஆலைத் தொழிலாளிகளுக்கு வரிசை வரிசையாக மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வெல்டிங்காரிக்கு மூஞ்சி தொங்கிப்போயிற்று. "இங்க கிரேனே இல்ல அண்ணி. பேசாம தலைநகரம்னே சொல்லிருவோம். முதல் போடுற பணமாவது கைக்கு வரும்."

அன்று அங்கே மாடித் தளம் போடும் வேலை. பெண்கள் சாரத்தில் வரிசையாக நின்று, கலவைச் சட்டியைக் கைக்குக் கை மாற்றி மேலே ஏற்றினார்கள். அண்ணியும் ஒரு ஆளாக வரிசையில் நின்றாள். தளம் போடும் நாளில் வரிசை அறுந்தால் கலவை இறுகிவிடும், அதனால் யாரும் நகர மாட்டார்கள். வண்டி வாசலில், தெருவைப் பார்த்து, வெல்டிங்காரி எழுதிய கம்பெனிப் பெயர் பளபளக்க நின்றது. ஒரு ஈ காக்கை உள்ளே போகவில்லை.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி, யாருக்குமே வரலையா?" என்றாள்.

வரிசையின் தலைப்பில் நின்ற பெரிய உடம்புக்காரி சட்டியை மாற்றிக்கொண்டே சொன்னாள். "ஏன் வரல? வாசல்ல சினிமாக் கொட்டகை மாதிரி நிறுத்தி வச்சிருக்கீங்க. தெருவே டீ குடிச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குது. எவ போவா?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ஒதுங்க மறைவு தேடியவள், சொந்த வண்டி என்றதும் ஊர் பார்க்கட்டும் என்று வாசலில் நிறுத்தியிருக்கிறாள். "அது நீ எழுதுன எழுத்தால வந்தது" என்று நாத்தனாரை முறைத்தாள்.

"பெரிசா எழுதுன்னு சொன்னது யாரு?"

இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மணல் மேட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அண்ணி வரிசைக்குத் திரும்பினாள். சற்று நேரத்தில் ஓர் ஒல்லிப் பெண் பெரிய உடம்புக்காரியைப் பார்த்தாள். "போ, நாங்க பாத்துக்குறோம்" என்றாள் அவள். அந்தப் பெண் இறங்கியதும், யாரும் சொல்லாமலே இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஆளுக்கு ஓர் எட்டு நகர்ந்தார்கள். இடைவெளி மூடிக்கொண்டது. சட்டி நிற்கவில்லை. அவள் முகம் கழுவித் திரும்பி வந்தாள், அடுத்தவள் இறங்கினாள். மத்தியானத்துக்குள் தண்ணீர்க் குடம் காலியாகி, மறுபடி நிரப்ப ஆள் போயிற்று.

அண்ணிக்குக் கை வேலை செய்துகொண்டிருந்தது, கண் நிறைந்துவிட்டது. இந்த ஊரில் பெண்கள் ஒரே கூட்டம். ஒரு வீடு முடிந்தால் சேர்ந்தே அடுத்த வீட்டுக்குப் போகிறவர்கள். ஒருத்தி இடத்தை இன்னொருத்தி மூடத் தெரிந்தவர்கள்.

சாயங்காலம் கைபேசி அடித்தது. "என்னம்மா, தலைநகரம்தானே?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இல்லீங்க. ஆலை ஊரு."

"அங்க என்னம்மா இருக்கு? ரெண்டு மாடிக்கு மேல கட்டடமே இல்லையே."

"அதுக்குத்தாங்க. கீழ இறங்கி வர முடியுது."

அந்த நேரம் பார்த்து ஆலை ஊர்க் காண்ட்ராக்டர் வந்து, இன்றைய வேலை முடிந்ததே என்று வண்டியை எடுத்துப் போகச் சொல்ல, மணல் மேட்டுக்குப் பின்னால் பெரிய கூச்சல் கிளம்பியது. வண்டி வராத இடத்துக்கு நாளை ஒரு ஆளும் வராது என்று பெரிய உடம்புக்காரி கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அங்க இப்படிச் சத்தம் போடறது?"

"எங்க வாடிக்கைக்காரங்க," என்றாள் அண்ணி. அந்தச் சொல்லைச் சொன்னபோது அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

கண்ணாடிக்காரர் பிடிகொடுக்கவில்லை. "முதல் போடுறதைப் பத்தி இப்பச் சொல்ல முடியாது. திங்கக்கிழமை வந்து பாக்குறேன்."

"வாங்க. நீங்க போட்டாச் சந்தோஷம். போடலன்னாலும் வண்டி இங்கதான் நிக்கும். வந்து மணல் மேட்டுக்குப் பின்னால தேடுங்க, வாசல்ல தேடாதீங்க."

கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள். காண்ட்ராக்டர் களைத்துப்போயிருந்தார்.

"சரி, வாடகையை நான் யார்கிட்டப் பேசணும்? இது யாரோட வண்டி?"

"எங்களோடது!" என்றாள் பெரிய உடம்புக்காரி.

எங்கள் கம்பெனியாக்கும் என்று சொல்ல வெல்டிங்காரி வாயைத் திறந்தாள். அண்ணி அவள் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.