கை நீட்டிய கண்ணாடிகள்

டார்லா கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். ஜூனிபர் எழவில்லை. வைக்கோல் மேல் சரிந்து கிடந்த அந்தச் செம்பழுப்புக் குதிரை, வயிற்றுவலி தாங்காமல் காலை உதைத்து, இன்னொரு முறை புரளப் பார்த்தது.

புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் தாயும் போகும், வயிற்றில் இருக்கும் குட்டியும் போகும்.

தோளால் முட்டினாள். தொடையில் தட்டினாள். கெஞ்சிப் பார்த்து, கடைசியில் திட்டித்தான் எழுப்பினாள். குதிரை நடுங்கிக்கொண்டு நின்றது. மார்ச் மாதக் குளிரில் அதன் வியர்த்த முதுகிலிருந்து ஆவி எழும்பியது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றியபடியே கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் ஹாகன் ஒரு கிடாரியின் வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில்தான் பேசினாள். தன்னால் நகர முடியாது, எப்படியாவது இங்கே கொண்டு வந்துவிடு, சீக்கிரம் என்றாள்.

நாற்பது மைல். மணல் குன்றுகளுக்கு நடுவே ஒரே ஒரு சாலை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மார்ச் காற்று எதையும் சும்மா விடாது.

டார்லா குதிரையை நடத்திக்கொண்டு வெளியே வந்தபோது, அவள் கணவன் டெல்வின் பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். காலையிலிருந்து அதே வேலை. பின்னால் வருவதைக் காட்டும் பழைய குட்டிக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, டிரெய்லர் இழுக்கிறவர்கள் போடும் பெரிய கண்ணாடிகளை மாட்டிக்கொண்டிருந்தான். கை நீட்டியது போல வெளியே நிற்கும். மேலே பெரிய கண்ணாடி, கீழே குமிழ் மாதிரி சின்னது. சீட்டில் இருந்தபடியே பட்டனை அழுத்தித் திருப்பலாம், மடக்கலாம். டிரைவர் பக்கம் முடிந்திருந்தது. மறுபக்கக் கதவின் உள்பலகை கொட்டகைச் சுவரில் சாய்ந்திருக்க, கதவு எலும்பும் நரம்புமாக ஒயர்கள் தொங்க நின்றது.

அந்தக் கண்ணாடிகள் விஷயமாகக் காலையிலேயே சண்டை. இருபத்தாறு வருஷமாக, அவன் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் பின்னால் நின்று கை காட்டியவள் டார்லா. அவன் ஏறி உட்கார்ந்ததும், 'இன்னும் கொஞ்சம், போதும் போதும்' என்று அவன் கத்தக் கத்த, வலது கண்ணாடியைக் கையால் திருப்பி வைத்தவளும் அவள்தான். இந்தப் புதுக் கண்ணாடிக்கு இன்னொரு ஆள் தேவையில்லை. இனிமேல் தனியாகத்தான் போகப் போகிறாயா என்று அவள் கேட்டதற்கு, பழையதில் டிரெய்லரைத் தாண்டி ஒன்றும் தெரிவதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போய்விட்டான்.

இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. விஷயத்தைச் சொன்னாள். டெல்வின் மூன்று நட்டுகளை முறுக்கினான். ஒயரைச் சொருகினான். கதவுப் பலகையை மாட்டாமல் அப்படியே விட்டுவிட்டான். கண்ணாடியை அளவு பார்க்க டிரெய்லரை ஏற்கனவே மாட்டி வைத்திருந்ததால், ஜூனிபரை ஏற்றித் தாழ் போடுவது மட்டும்தான் பாக்கி. அதையும் செய்தார்கள்.

பிறகு சாவியை அவளிடம் நீட்டினான்.

"நீ ஓட்டு."

டார்லாவுக்குக் காதில் விழுந்தது புரியவே ஒரு கணம் ஆனது. அவள் பிக்கப் ஓட்டுவாள். டிரெய்லர் இழுத்தது வாழ்க்கையில் ஒரே முறை. கல்யாணமான புதிதில், லூத்தரன் சர்ச் விருந்து நடந்துகொண்டிருக்கும்போது, ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று போய் டிரெய்லரை மடக்கிச் சர்ச் வேலியை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். அந்த இடைவெளியை இன்றைக்கும் ஊர் 'டார்லா கேட்' என்றுதான் சொல்கிறது. பாதிரியார் உட்பட.

"விளையாடாதே டெல்வின். அது செத்துக்கிட்டிருக்கு."

"தெரியும். ஏறு அம்மணி."

"உனக்கு என்ன கேடு? கை உடைஞ்சு போச்சா?"

அவன் சுற்றி வந்து, அந்த எலும்புக்கூட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டான். டிரெய்லருக்குள் குதிரை சுவரை உதைத்தது. வண்டி முழுக்க அதிர்ந்தது. டார்லா ஏறினாள். ஏறும்போதே, இதற்கு அப்புறம் உன்னோடு பேச்சு இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

சீட்டை முன்னால் இழுத்தாள். டெல்வின் ஆறே கால் அடி, அவள் ஐந்தடி சொச்சம். கதவிலிருந்த பட்டனை அழுத்தியதும், தொலைவில் வலது கண்ணாடி மெல்ல முனகிக்கொண்டு தலையைத் திருப்பி, டிரெய்லர் சக்கரத்தையும் சாலையின் வெள்ளைக் கோட்டையும் அவளுக்குக் காட்டியது. யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை. அந்த நிமிஷத்திலும் அது அவளுக்குச் சுருக்கென்றது.

முதல் பத்து மைல் ஒருவழியாகப் போனது. கதவின் ஓட்டைகள் வழியாகக் காற்று விசில் அடித்தது. டெல்வின் தொங்கும் ஒயர்களை முழங்காலுக்கும் கதவுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்திருந்தான். பின்னால் உதை விழுவதும் நிற்பதுமாக இருந்தது. உதை விழுந்தால் டார்லா ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். நின்றால் காதைத் தீட்டிக்கொண்டாள். படுத்துவிட்டதா?

எதிரே மாடு ஏற்றிய பெரிய லாரி வந்தது. அது தாண்டிய வேகத்தில் காற்றுச் சுவர் ஒன்று வந்து மோதியது. இடது கண்ணாடியில் டிரெய்லரின் பின்பக்கம் நடுக்கோட்டைத் தாண்டி வெளியே போனது, வலதில் வந்தது, மறுபடி இடதில். டார்லாவின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"பிரேக்கைத் தொடாதே." குரலை உயர்த்தாமல் சொன்னான். "ஆக்சிலேட்டரை மட்டும் விடு. ஸ்டியரிங்கை நேரா வச்சுக்கோ. தானா அடங்கும்."

அடங்கியது. டார்லா மூச்சை வெளியே விட்டாள். அவன் கை அவள் பக்கத்தில் ஸ்டியரிங்குக்குச் சற்று தள்ளி, காற்றில் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். பிடிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

நீயே ஓட்டித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டாள். அவன் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னான்.

டாக்டரின் இடம் வந்தது. அடுத்த சிக்கல் அங்கே காத்திருந்தது. இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் வேலி, நடுவில் குறுகலான ஒரு சந்து, அதன் கோடியில் சிகிச்சைக் கொட்டகையின் கதவு. டிரெய்லரைப் பின்பக்கமாக உள்ளே தள்ளியாக வேண்டும். ஜூனிபரால் இனி அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

டெல்வின் இறங்கினான். ஜன்னலுக்கு வந்தான்.

"ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடி. கை எந்தப் பக்கம் போகுதோ டிரெய்லரும் அந்தப் பக்கம் போகும். என்னைக் கண்ணாடியில பாரு. நான் தெரியலைன்னா நிறுத்திடு."

கடைசி வார்த்தைகள் அவளுடையவை. வருஷக்கணக்காக ஒவ்வொரு முறையும் அவனிடம் அவள் சொன்னவை.

முதல் முயற்சியில் டிரெய்லர் மடங்கிக் குழாயை உரசப் போனது. நெற்றி வியர்த்தது. முன்னால் எடுத்தாள். இரண்டாவது முறை, கீழே இருந்த குமிழ்க் கண்ணாடியில் டெல்வின் கட்டை விரல் அளவுக்கு நின்று, இரண்டு கைகளையும் தூக்கி, வா வா என்று அழைத்தான். பின்னால் நிற்பவரின் முகம் ஓட்டுபவருக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அந்தச் சின்ன ஆளை மட்டும் பார்த்துக்கொண்டு, கையை அணு அணுவாக நகர்த்தினாள். கொட்டகை வாசலில் இருந்த ரப்பர் கட்டையில் டிரெய்லர் மெத்தென்று முட்டியது.

தாழ் திறந்ததும் ஜூனிபர் தள்ளாடி இறங்கியது.

தோள் வரை கையுறை போட்டு, ரத்தக் கறையோடு வந்த டாக்டர் ஹாகன் வணக்கம் கூடச் சொல்லவில்லை. ஊசி போட்டாள், மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெயை இறக்கினாள், வயிற்றில் காதை வைத்தாள். முறுக்கு இல்லை, அடைப்புதான் போல, காத்திருப்போம் என்றாள். இன்னும் தாமதித்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்றும் சொன்னாள்.

காத்திருந்தார்கள். டார்லா குதிரையின் நெற்றியோடு நெற்றியை வைத்து நின்றாள். டெல்வின் தூணில் சாய்ந்து குல்லாவைக் கையில் உருட்டினான். வெயில் கதவு வழியாக உள்ளே வந்து தரையில் சாய்ந்தது.

கடைசியில் ஜூனிபர் வாலைத் தூக்கியது. பொத்தென்று சாணி விழுந்தது. மூன்று பேரும் அதைக் கோயில் தீபத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"இதைவிட அழகா ஒண்ணு இந்த மாவட்டத்துலேயே கிடையாது," என்றாள் டாக்டர்.

குட்டியும் உள்ளே நன்றாக அசைகிறதாம். டார்லா சிரித்தாள், அப்படியே அழுதாள், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கணவனின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள்.

இருவரும் டிரெய்லர் சக்கரத்துக்கு மேலிருந்த தகரத்தில் உட்கார்ந்தார்கள். நாற்பது மைல், செத்துப்போகிற குதிரை, வேலி சாய்த்த பெண்பிள்ளை. எந்த மனுஷன் இப்படிச் சாவியைக் கொடுப்பான்? கேட்டாள். பதில் வரும்வரை எழுந்திருப்பதாக இல்லை என்றும் சொன்னாள்.

டெல்வின் குல்லாவைத் தலையில் மாட்டிக்கொண்டான்.

"அந்தக் கண்ணாடி எனக்கு இல்லை, டார்லா. உனக்கு. இனிமே நீ ஓட்டணும். நான் ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்த டாக்டர் இல்லை, என்னோட டாக்டர்."

அவள் கை அவன் முழங்காலைத் தேடிப் பிடித்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. என்ன என்று மட்டும் கேட்டாள்.

சொன்னால் குதிரைகளை விற்றுவிடுவாய் என்று பயந்தேன் என்றான். கண்ணாடி மாட்டி, உனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன் என்றான். அதற்கு மேல் குரல் இறங்கிவிட்டது.

"போன மாசம் குதிரை ஏலத்துலேருந்து திரும்பி வரும்போது, ரோட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். திடீர்னு ஒண்ணும் இல்லை, இருட்டு. முழிச்சுப் பார்த்தா வண்டி பள்ளத்துல இறங்கிப் புல்லுல நிக்குது. இஞ்சின் ஓடிட்டிருக்கு. டிரெய்லர் பின்னால நேரா நிக்குது. எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது."

அவன் அவளைப் பார்த்தான்.

"நீ என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டிருந்தே."