மீதிப் பேச்சு

எண்பதாவது பிறந்தநாளன்று காலையில், முற்றத்துக் கம்பத்தில் கொடியை ஏற்றிவிட்டு உள்ளே வந்த அப்பா, காப்பியைக்கூடத் தொடாமல் கேட்டார்:

"ஸ்டைனார் பேசுறதா ஹால்வார்கிட்ட சொல்லிட்டானா?"

"சொல்லிட்டான்ப்பா. நேத்துல இருந்து எத்தனை தடவை கேப்ப?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் தீவில் பெரிய பிறந்தநாள் என்றால் ஊர்க்கூடத்தில் விருந்து. விருந்து என்றால் பேச்சு. பேச நினைப்பவர்கள் விருந்தை நடத்துகிறவரிடம், இந்த முறை ஹால்வாரிடம், முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட வேண்டும். அவர் கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டிப் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று, வருஷம் முழுக்க வீட்டுக்குள் வாயைத் திறந்து சொல்லாததையெல்லாம் ஊர் முன்னால் சொல்ல வேண்டும். மனசில் இருப்பதை நாங்கள் வெளியே எடுப்பது அந்த ஒரு இடத்தில்தான். மற்ற நாளெல்லாம் மழை, மீன், படகு. அதைத் தாண்டி எங்கள் பேச்சு போகாது.

அப்பாவுக்கு அந்த வசந்தத்திலிருந்தே இதயம் சரியில்லை. டாக்டர் சொன்னது ஊர் முழுக்கத் தெரியும். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தன் ஒரே மகன் எழுந்து நின்று என்ன சொல்லப் போகிறான் என்று அவர் காத்திருந்தார். அதுவும் ஊர் முழுக்கத் தெரியும்.

ஸ்டைனார் என் தம்பி. பதினாறு வயதில் படிக்க பெர்கன் போனவன். இப்போது ஆஸ்லோவில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி. உலகத்தில் எத்தனை நாடு உண்டோ அத்தனை நாட்டு ஆட்களும் அங்கே இருக்கிறார்களாம். காலையில் உள்ளே நுழைந்தால் சாயங்காலம் வரை ஆங்கிலம்தான். வந்து இறங்கியதிலிருந்து அவன் பேச்சில் எங்கள் சொற்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"ஆக்சுவலி, இந்த வீடு அப்படியே இருக்கு. ஐ மீன், லிட்டரலி அப்படியே," என்றான் வாசலில் நின்று.

"யாருடா அந்த ஆக்சுவலி?" என்றார் அப்பா. "உன்கூட வேலை பாக்குறவனா? அவனையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே, உருளைக்கிழங்கு நிறைய இருக்கு."

அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் எஸ், நோ, டீசல். அவ்வளவுதான்.

நானும் ஒன்றும் பெரிய யோக்கியம் இல்லை. நான் வேலை செய்யும் சால்மன் மீன் ஆலையில் பாதிப் பேர் போலந்துக்காரர்கள், மீதிப் பாதி லித்துவேனியாக்காரர்கள். நாள் முழுக்க உடைந்த ஆங்கிலத்தில்தான் கத்துகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூனையிடம்கூட "மூவ், மூவ்" என்கிறேன். ஆனால் ஆலையில் நாங்கள் பேசுவது பெட்டி, ஐஸ், கத்தி. அது வேறு சங்கதி என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

விருந்துக்கு முந்தின நாள் சமையலறையில் ஸ்டைனார் தன் போனை என்னிடம் நீட்டினான். பேச்சை எழுதியிருந்தான். முழுக்க ஆங்கிலம்.

"இது யாருக்கு?"

"அப்பாவுக்குத்தான்."

"அப்பா என்ன இங்கிலாந்து ராஜாவா?"

"கிண்டல் பண்ணாத, சிக்னே. இப்படித்தான் வருது. நம்ம பேச்சுல எழுத உக்காந்தா கை நின்னுடுது. ஒவ்வொரு வார்த்தையும் கனமா இருக்கு, வெக்கமா இருக்கு. அதுல எழுதினா வேற யாரோ எழுதுற மாதிரி ஈசியா வந்துடுது."

கோபத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் போய்விட்டது. பெர்கனில் அறை எடுத்துப் படித்த காலத்தில் ஸ்டைனார் வெள்ளிக்கிழமைதோறும் படகில் ஊருக்கு வருவான். வெள்ளிக்கிழமைதோறும் அப்பா படகுத்துறையில் நிற்பார். மகனுக்காக நிற்கிறேன் என்று சொல்ல மாட்டார். கையில் ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு ஏதோ வேலை இருப்பது போல நிற்பார். கூட வரும் பையன்கள் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டு, ஸ்டைனார் அவரைக் கடந்து விறுவிறுவென்று நடந்துவிடுவான். அதைத்தான் எழுதியிருந்தான். எனக்காகத்தான் நின்றாய் என்று எனக்குத் தெரியும், அதை ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன் என்று.

மூக்கைத் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லா இருக்கு. இதையே நம்ம பேச்சுல சொல்லு. நாளைக்கு அங்க இங்கிலீஷ்ல ஏதாவது ஆரம்பிச்ச, தூக்கிக் கடல்ல போட்டுருவேன்."

அன்று முழுக்க மேசையில் உட்கார்ந்து வரி வரியாக மாற்றினான். எழுதுவான், அடிப்பான், ஜன்னலைப் பார்ப்பான். பிறந்த வீட்டில் உட்கார்ந்து சொந்தப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பு செய்கிறானே என்று பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு. பெண்கள் அப்பாவைக் கேலி செய்து ஒரு பாட்டுக் கட்டி, ஆளுக்கொரு சுருதியில் பாடி முடித்தார்கள். அப்பா கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த ஸ்டைனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி ஹால்வார்தான் விருந்தை நடத்தினார். டம்ளரைத் தட்டினார்.

"இப்ப நம்ம ஆஸ்லோக்காரர் பேசுவார். யாருக்காவது புரியலைன்னா கையைத் தூக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டைனார் எழுந்தான். காகிதத்தைப் பிரித்தான். "அப்பா," என்று தொடங்கி ஒரு வரி படித்தான். பிறகு காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி அவரை நேராகப் பார்த்தான். பார்த்தபடியே, எழுதி வைத்ததை விட்டுவிட்டு, நெஞ்சிலிருந்து வந்ததைச் சொன்னான்.

"அப்பா, எல்லாத்துக்கும் நன்றி."

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

ஆங்கிலத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்லலாம், தேநீர் கொடுத்தவருக்குக்கூட. எங்களிடம் அது செத்தவர்களுக்கு உரியது. எங்கள் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் கல்லுக்குக் கல் பெயருக்குக் கீழே அதுதான் வெட்டியிருக்கும். மலர்வளையத்து நாடாவில் அதுதான் இருக்கும். உயிரோடு மேசையின் முதல் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம், அதுவும் டாக்டர் நாள் குறித்துவிட்ட மனிதரிடம், யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்டைனார் அதை ஆங்கிலத்தில் நினைத்து எங்கள் பேச்சில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கே அது கேட்டது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

அப்பாதான் காப்பாற்றினார்.

"இருடா! இன்னும் கல்லே வாங்கல!"

"நானும் பூ வாங்கல!" என்றார் ஹால்வார்.

கூரை பெயர்ந்துவிடும் போலச் சிரிப்பு. ஸ்டைனாரும் சிரித்தான். "சாரி, சாரி," என்றான். டம்ளரைத் தூக்கி "ஸ்கோல்!" என்று அப்பாவின் ஆரோக்கியத்துக்குக் குடித்துவிட்டு உட்கார்ந்தான். காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

எல்லோரோடும் சேர்ந்து சிரித்த அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மறுபடி எழுந்திருப்பான் என்று நினைத்தார். காப்பி வந்தது, கிரீம் கேக் வந்தது, வேறு யார் யாரோ பேசினார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

ஸ்டைனார் ஆஸ்லோவுக்குத் திரும்பிப் போன பிறகு ஒருநாள், உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே அப்பா சொன்னார்:

"அந்தக் காகிதத்துல ரெண்டு பக்கமும் எழுதியிருந்துச்சு. ஒரு வரிதான் படிச்சான்."

"ஆமா."

"மீதி என்னவா இருக்கும்?"

"போன் பண்ணிக் கேளேன்."

"அதெப்படிக் கேக்குறது? பேச்சைக் கேட்டு வாங்குவாங்களா?" இன்னொரு கிழங்கை எடுத்தார். "நான் அப்படிக் கிண்டல் பண்ணியிருக்கக் கூடாது. அவன் சின்னப் புள்ளையிலயே அப்படித்தான், சிரிச்சா உள்ள போயிடுவான்."

அன்றே ஸ்டைனாரைக் கூப்பிட்டேன். "மீதியைக் கேக்குறார்டா," என்றேன்.

"கிறிஸ்துமஸுக்கு வரும்போது சொல்றேன். ப்ராமிஸ்," என்றான்.

கிறிஸ்துமஸ் வரை அப்பா தாங்கவில்லை. நவம்பரில் பெர்கன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்டைனார் விமானத்தில் வந்து சேர்ந்தான். நான் காப்பி வாங்கிக்கொண்டு அறைக்குள் போனபோது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பனிக்கு டயர் மாத்திட்டியா?" அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"மாத்திட்டேன்."

"ஆணி வச்சதா?"

"இல்ல. ஆஸ்லோவுல அது தேவைப்படாது."

"மலைப் பாதையில வரும்போது தேவைப்படும். ஆணி வச்சதைப் போடு."

"சரிப்பா."

பிறகு மழை. பிறகு படகுக்கு யார் தார்ப்பாய் போட்டு மூடுவது என்பது. ஸ்டைனார் தண்ணீர் பிடித்துவருவதாகச் சொல்லி வெளியே போனான். என் போன் சிணுங்கியது. தாழ்வாரத்தில் நின்றுகொண்டு எனக்கு நீளமாக அனுப்பியிருந்தான். அப்பாவைப் பற்றி, தன்னைப் பற்றி, பயத்தைப் பற்றி. எல்லாம் ஆங்கிலத்தில். தங்குதடையில்லாத, அழகான ஆங்கிலம்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வெளியே போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"இதை எதுக்கு எனக்கு அனுப்புற? கதவு அங்க இருக்கு. உள்ள போய்ச் சொல்லு!"

"போறேன், சிக்னே. வாய் வரைக்கும் வருது. உடனே அந்தக் கூடம் ஞாபகம் வந்துடுது. இப்பப் போய் நான் அந்த மாதிரி ஏதாவது ஆரம்பிச்சா, நீ சாகப்போறன்னு அவர்கிட்ட நானே சொல்ற மாதிரி இருக்காதா?"

"அப்ப அந்த இங்கிலீஷ்லயே சொல்லித் தொலை!"

"அவருக்குப் புரியாதே."

"நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம், நான்தான் சொல்லணும், நாளைக்குச் சொல்றேன் என்றான்.

விடிவதற்குள் அப்பா போய்விட்டார். நாங்கள் ஓடிவந்தபோது கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்தேன். எண்பது வருஷம் வாழ்ந்து, எங்களை வளர்த்து ஆளாக்கிய மனிதரிடம் என் வாயிலிருந்து வந்தது "சாரி" என்ற ஒரு சொல்தான். ஆலையில் யார் காலையாவது மிதித்துவிட்டால் சொல்வேனே, அதே சொல். எங்கள் சொல் எங்கே போயிற்று என்று தேடினேன். வரவில்லை. தம்பியைத் திட்டிய வாயை அப்போதே தைத்துவிடலாம் போல இருந்தது.

அடக்கத்துக்குப் பூக்காரி போன் செய்து, நாடாக்களில் என்ன அச்சடிக்க வேண்டும் என்று கேட்டாள். எனக்குரியதைச் சொல்லிவிட்டு ஸ்டைனாரிடம் கொடுத்தேன்.

"எல்லாரும் போடுறதையே போட்டுருங்க," என்றான்.

எங்கள் வழக்கப்படி பெட்டியைச் சுற்றி வைத்த மலர்வளையங்களின் நாடாக்களை மதகுரு ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். எல்லாவற்றுக்கும் நன்றி, சிக்னே. எல்லாவற்றுக்கும் நன்றி, ஹால்வாரும் குடும்பத்தாரும். எல்லாவற்றுக்கும் நன்றி, ஊர்க்கூடத்து நண்பர்கள். எல்லாவற்றுக்கும் நன்றி, ஸ்டைனார். அடுத்து யாரோ அண்டை வீட்டார்.

ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹால்வார் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கோடையில் கூடத்தையே வாயடைக்க வைத்த அதே சொல் இப்போது தன் சரியான இடத்தில், சரியான நேரத்தில், கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டது. பக்கத்தில் தம்பியின் தோள் குலுங்குவதை உணர்ந்தேன்.

மறுநாள் அவனைப் படகேற்றிவிடத் துறைக்குப் போனேன். படகு இன்னும் வரவில்லை. அப்பா வழக்கமாக நிற்கும், படகு கட்டும் இரும்புத் தறிக்குப் பக்கத்தில் போய் நின்றான் ஸ்டைனார். அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான். என்னிடம் பேசவில்லை.

"படகு முனை திரும்பும்போதே நான் ஜன்னல்ல ஒட்டிக்குவேன். உன் நீலத் தொப்பி தெரியுதான்னு பாப்பேன். தெரிஞ்சதும்தான் மூச்சு வரும். அப்புறம் உன்னைப் பாக்காத மாதிரி இறங்கி வருவேன். நீயும் என்னைப் பாக்காத மாதிரி கயித்தை வச்சு நோண்டிட்டு இருப்ப. அந்தக் கயித்துல ஒரு சிக்கும் இருந்ததில்ல. எனக்குத் தெரியும்ப்பா. ஒரு வெள்ளிக்கிழமை நீ வரல, காய்ச்சல்னு படுத்திருந்த. அன்னைக்குத்தான் நான் வீடு வரைக்கும் ஓடினேன்."

ஒரு ஆங்கிலச் சொல் இல்லை. ஒரு தடங்கல் இல்லை. பதினாறு வயதில் பேசிய அதே தீவுப் பேச்சு, அந்த இழுப்போடு, அப்படியே வந்தது. மீதி முழுவதையும் சொல்லி முடித்தான். கேட்க வேண்டியவர் மேலே மேட்டில் ஈர மண்ணுக்குக் கீழே இருந்தார். எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கும் அழுகைக்கும் அளவே இல்லை.

படகு வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றான். இனிமேல் எனக்கு நீ ஒருவன்தான், அடிக்கடி வா, போகாதே என்று எத்தனையோ சொல்ல வேண்டியிருந்தது.

"டயரை மாத்து," என்றேன். "ஆணி வச்சதைப் போடு."

தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டான். ஜன்னலில் அவன் முகம் தெரிகிறதா என்று, படகு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். என் கையில் ஒரு கயிறுகூட இல்லை.