கேட்டிருந்தால் நானே கட்டிவைத்திருப்பேன்

1

அன்று பட்டுக்கடையில் இருந்தவர்கள்: ராமலிங்கம், அவர் மனைவி ஜெயம்மாள், அவர்களிடம் சொல்லாமலே கல்யாணம் செய்துகொண்ட மகள் அனு, அனுவின் கணவன் அபியைப் பெற்ற மரியம்மாள் (‘சம்பந்தி’ என்று எழுதப் பேனா ஒப்பவில்லை), சேலை விரித்துக் காட்டிய வரதராஜன். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லித் திரிபவர்களை நம்ப வேண்டாம்.

இந்தக் கதை பிறந்தது அங்கேதான். எழுதுபவர் ராமலிங்கமேதான். ஒரு குடும்பத்தின் தலைவர் ‘நான், நான்’ என்று கதைக்குள் அலைவது அழகல்ல என்பதால் ராமலிங்கம் என்றே எழுதுகிறார்.

தம்பி மகன் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கப் போன இடத்தில், எதிரே மகள். வரதராஜனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“உங்க பொண்ணு கல்யாணத்துக்கு எங்கங்க பட்டு எடுத்தீங்க?”

ராமலிங்கம் முதுகை நிமிர்த்திக்கொண்டார். “என்னாண்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே முன்னால நின்னு கட்டிவெச்சிருப்பேன்.”

அனு கல்லூரியில் கணிதத் தர்க்கம் நடத்துகிறவள். “அப்பா சொல்றது உண்மைதான்,” என்றாள்.

(கவனிக்க: கடையில், சாட்சிகளோடு, மகள் வாயால்.)

“தர்க்கத்துல பழைய கணக்குப்படி, ‘இது நடந்தா அது’ன்னு சொன்னா, இது நடந்து அது நடக்காம போனாதான் பொய். நான்தான் கேக்கவே இல்லியே. அதனால நீ இன்னா சொன்னாலும் உண்மைதாம்பா. ‘அவ கேட்டிருந்தா கோபுரத்து மேல ஏறி டான்ஸ் ஆடியிருப்பேன்’னு சொல்லேன், அதுவும் உண்மைதான்.”

மரியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வரதராஜன் திடீரென்று ஒரு சேலையின் கரையை மிகக் கவனமாக ஆராய்ந்தார்.

“இன்னொரு கணக்கும் இருக்குது. நடந்தது ஒரு உலகம். நடந்திருக்கக்கூடியது வேற வேற உலகம். அதுல இதுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறத எடுத்துக்கோ. நீ, அம்மா, தெரு, அபியோட ஜனம், எல்லாம் அப்டியே. ஒண்ண மட்டும் மாத்து: நான் வந்து கேக்குறேன். அங்க நீ ‘சரி’ன்னா, நீ சொன்னது நெசமாவே உண்மை. நீதான் கோயில் விழா மலருக்கெல்லாம் கதை எழுதுறியே, அந்த உலகத்த எழுதிக் காட்டு. அப்போ நான் வூட்டுக்கு வரேன்.”

2

ராமலிங்கத்துக்கு இந்த ஒரு உலகத்தைக் கட்டி மேய்க்கவே பொழுது போதவில்லை. பல உலகங்கள் என்பது வேலையற்றவர்களின் கணக்கு என்பது அவர் கருத்து. (இன்றும் அதில் மாற்றமில்லை.) ஆனால் ஜெயம்மாள் அன்றே மகளுடைய அறையைக் கூட்டி, மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள். எழுத உட்கார வேண்டியதாயிற்று.

முதல் தொடக்கம்: ‘அனு வந்து, “அப்பா, அபின்னு ஒருத்தர்...” என்றாள். ராமலிங்கம் பெருமகிழ்ச்சியோடு, “யாரு வூட்டுப் பையன்?”’

இங்கே பேனா நின்றது. அந்தக் கேள்வியை எழுத அவர் நினைக்கவே இல்லை. கதைக்குள் இருக்கும் ராமலிங்கம் தானாகக் கேட்டுவிட்டார். அடித்துவிட்டு எழுதினால், அடுத்த வரியில் கேட்டார்.

3

இரண்டாவது தொடக்கத்தில், அபியின் தாத்தா தேவசகாயம் ராமலிங்கத்தின் அப்பாவிடம் கூலிக்கு ஏர் ஓட்டவில்லை. பக்கத்து நிலத்துக்குச் சொந்தக்காரர். ராமலிங்கம் அங்கேயும் கேட்டார். பதில் பிடித்திருந்தது, சரி என்றார். மூன்றாவதில் அபி வீட்டார் போகும் மாதா கோயிலை எடுத்துவிட்டு, தெருவை மாற்றி, அபியையே மாற்றி

(பாதியில் விட்டுவிட்ட வாக்கியம். அபியை மாற்றினால் அனு எதற்குக் கேட்க வருகிறாள்?)

இரண்டாவதை ஜெயம்மாள் மகளுக்குப் போனில் படித்துக் காட்டினாள்.

“அது எங்கியோ தூரத்து உலகம்மா. அங்கல்லாம் பஸ்சு போவாது.”

நான்காவதில் வேறு வழியில்லாமல் ராமலிங்கத்தையே மாற்றினார். பெருந்தன்மையானவர், யார் வீடு என்று விசாரிக்காதவர், மரியம்மாளைக் கண்டதும் ‘சம்பந்தி, வாங்க’ என்று எழுந்து நிற்பவர். ஜெயம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள்.

“யாருங்க இந்த ஆளு? நல்லவரா இருக்காரு.”

(அடிக்குறிப்பு போல ஒன்று: எல்லா உலகங்களிலும் மாறாமல் நிற்பதை அவசிய உண்மை என்பார்களாம். ராமலிங்கம் ராமலிங்கமாகவே இருந்த தாள்களிலெல்லாம் மாறாமல் நின்றது, ‘யாரு வூட்டுப் பையன்?’)

4

பொய்யாக ஒரு ‘சரி’ எழுதி அனுப்புவது சுலபம். இந்தக் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை.

ஜெயம்மாள் மெத்தையைச் சுருட்டி உள்ளே வைத்தாள். பையில் ஒரு மாற்றுச் சேலையை வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

“நீங்க எழுதிக்கினே இருங்க. நான் இந்த உலகத்து பஸ்சுல போயி அவளப் பாத்துட்டு வரேன்.”

5

முடிவு இரண்டு விதமாக இருக்கலாம். ஐந்தாவது தாளை ராமலிங்கம் எடுக்கலாம். அல்லது வாசகர் எடுக்கலாம். வாசகர் எடுப்பதே உசிதம். நிபந்தனை அதேதான், ஒன்றை மட்டும் மாற்றலாம். அந்த ஒன்று ராமலிங்கமாக இருக்கக் கூடாது. அதற்கு அவர் சம்மதம் இல்லை.

கடைசியாக, ஊரில் உலவும் ஒரு பேச்சு. அடுத்த பஸ்ஸிலேயே ராமலிங்கமும் அனு இருக்கும் ஏனாத்தூருக்குப் போனார், மரியம்மாள் வீட்டு வாசலில் நின்று மகளிடம் மன்னிப்புக் கேட்டார் என்கிறார்கள்.

தவறு. போனார். வாசலில் நின்றார். கேட்கவில்லை.